மூன்று ஓட்டை ரப்பர்

புதன்கிழமை காலை கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்துவதற்குள் போன் அடித்தது.

"சேதுபதி மெக்கானிக்குங்களா? நாகல் நகர்ல இருந்து யுவராணி டீச்சர் பேசுறேன். வீட்டுல புது இண்டக்சன் அடுப்பு. செத்த வந்து பாத்துட்டுப் போறீங்களாண்ணே?"

"என்ன கம்ப்ளைன்ட் டீச்சர்?"

"அடுப்புல ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் அது வேலை செய்ய மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று இருபத்திரண்டு வருஷமாக இந்தத் திண்டுக்கல்லில் நான் திறந்து பார்க்காத சாமான் இல்லை. பாதி வீடுகளில் சாமான் நன்றாகத்தான் இருக்கும். பிளக்கை ஒழுங்காகச் செருகியிருக்க மாட்டார்கள். படித்தவர்கள் வீட்டில் இது இன்னும் அதிகம். அந்த நினைப்போடுதான் டி.வி.எஸ்.ஸை மிதித்தேன்.

மாடி வீடு. கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். "வாங்கண்ணே, உள்ள ஒரு படி கீழ இறங்கும், பாத்து வாங்க" என்றார். அப்போதுதான் கவனித்தேன்; அவர் என் முகத்துக்கு நேராகப் பேசவில்லை, என் செருப்புச் சத்தம் நின்ற இடத்துக்கு நேராகப் பேசினார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தாடிக்கொம்புப் பக்கம் அரசுப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுக்கிறார். பஸ்ஸில் தனியாகப் போய்த் தனியாக வருகிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அதற்கு முன்பே நான் வாயை விட்டுவிட்டேன்.

"வீட்டுல வேற யாரும் இல்லையா டீச்சர்? அடுப்பை யார்கிட்டக் காட்டிக் குடுக்கிறது?"

"என்கிட்டத்தான் காட்டணும். நான்தான சமைக்கப் போறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பையன்கள் இதே மாதிரிதான் கேள்வி கேட்பார்கள் போலிருக்கிறது.

அடுப்பைப் பார்த்தேன். முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. முன்பக்கம் பட்டன் என்று பத்துப் படம் வரைந்திருந்தது. தோசை, சப்பாத்தி, பால், இன்னும் என்னென்னவோ. விரலால் தடவினால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தொட்டால் போதும், வேலை செய்யும். இதைத்தான் லேட்டஸ்ட் மாடல் என்று விற்கிறார்கள். நானே நாலு பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

தண்ணீர் வைத்துப் போட்டேன். நாலு நிமிஷத்தில் கொதித்தது. "நல்லாத்தான இருக்கு டீச்சர்" என்றேன்.

"விசிறி ஒரு பக்கமா ஒரசுற மாதிரி கேக்குதே, அது அப்படித்தானாண்ணே?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே போடாகப் போட்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பேசிவிட்டு வந்திருப்பேன். பேசாமல் நின்றதுதான் உறுத்தியது. அடுப்பைக் கவிழ்த்து ஸ்க்ரூவைக் கழற்றினேன். பெட்டியோடு வந்த தெர்மாகோல் துண்டு ஒன்று உள்ளே புகுந்து, விசிறி இறக்கையை உரசிக்கொண்டு கிடந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் இரண்டு மாதத்தில் போர்டு கருகியிருக்கும். அடுப்பின் மேலேயே குனிந்து நின்ற எனக்குக் கேட்காத சத்தம், வாசல்படியில் நின்ற அவருக்குக் கேட்டிருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல்களால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக்காணு இருந்துக்கிட்டு என்னா சத்தம் போட்டுச்சு" என்று சிரித்தார்.

அதன்பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்பு அம்மா தவறிவிட்டார். அம்மா இருந்தபோதும் சமையல் டீச்சர்தான். இருபது வருஷமாகக் கேஸ் அடுப்பில் தன் கையால் சமைத்துச் சாப்பிட்டவர். தம்பி அழகுராஜா ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். காரியம் முடிந்த கையோடு, அக்காவை நெருப்போடு ஒத்தையில் விடக் கூடாது என்று சிலிண்டரையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டு, பதிலுக்கு இந்தக் கண்ணாடி அடுப்பை வாங்கி அனுப்பியிருக்கிறார். விலை கூடினதாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். டீச்சருக்கு அதில் ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைக்க முடியவில்லை. பத்து நாளாக ஹோட்டல் சாப்பாடு.

"ஹோட்டல்ல சாப்புடுறேன்னு அவனுக்கு யாரோ சொல்லிட்டாங்க. பாத்தியா, முடியலைல்ல, ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வாரேன், சாமானைக் கட்டு, எங்க வீட்டுக்கே வந்துருங்கிறான். நல்லவந்தான். என் மேல உசுரு. ஆனா அங்க போனா ஒரு மூலையில உக்கார வச்சுச் சோறு போடுவாங்கண்ணே. ஸ்கூலுக்குப் போகணும்னா ஆள் தேடணும், ஒரு வாய் டீ வேணும்னா இன்னொருத்தர் கையை எதிர்பாக்கணும். இந்த வீட்டுல நான் யாரையும் ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல. இதை விட்டுட்டுப் போக எனக்கு மனசு இல்ல."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

"இது ஒரு பெரிய விஷயமா டீச்சர்? அரை மணி நேரம் குடுங்க" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

தெருமுனை பேன்சி ஸ்டோரில் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஓர் அட்டை வாங்கி வந்து, ஒவ்வொரு படத்தின் மேலும் ஒன்று ஒட்டினேன். எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. "இப்பத் தடவிப் பாருங்க" என்றேன். டீச்சர் இடமிருந்து வலமாக விரலை ஓட்டினார். பீப், பீப், பீப், பீப். அடுப்பு அணைந்தது, எரிந்தது, டைமர் ஓடியது, கடைசியில் சைல்டு லாக் விழுந்து செத்த பிணம் மாதிரி கிடந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நான் திட்டினேன். டீச்சரை இல்லை, அடுப்பை. அவர் சொன்னார்.

"அண்ணே, நீங்க கண்ணால பாத்துட்டு அப்புறம் விரலால அமுக்குறீங்க. உங்களுக்கு அது ரெண்டு வேலை. எங்களுக்குப் பாக்குறதே விரல்தான். இந்த அடுப்பு, நான் பாத்தாலே அமுக்கிட்டேன்னு எடுத்துக்குது. நான் எம்புட்டு நேரம் பாத்தாலும் பேசாம இருக்கணும். நான் சொல்லும்போதுதான் கேக்கணும். அதுக்கு ஏதாவது வழி இருந்தாச் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் எந்தக் கம்பெனி டிரெயினிங்கிலும் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. வழியையும் அவரே சொன்னார். உள்ளே போய் ஒரு தகட்டை எடுத்து வந்தார். பிரெயில் எழுதும் சட்டம். சின்னச் சின்ன ஜன்னலாக வெட்டியிருக்கும். அதற்குள் ஊசியை வைத்துக் காகிதத்தில் குத்தி எழுதுவார்கள். "இந்தத் தகட்டு மேல நான் எங்க வேணாலும் தடவலாம், ஒண்ணும் ஆகாது. ஜன்னலுக்குள்ள இறங்குனாத்தான் எழுத்து. இதே மாதிரி அடுப்புக்கு ஒரு சட்டை போட்டு விட முடியுமா?"

"பத்து ஜன்னலா டீச்சர்?"

"எதுக்குப் பத்து? தோசைக்கு ஒரு பட்டன், சப்பாத்திக்கு ஒரு பட்டன்னு கண்ணு இருக்குறவங்களுக்கே எதுக்கு? ஆன், கூட்டுறது, குறைக்கிறது. மூணு போதும். மத்ததை மூடிருங்க."

வியாழக்கிழமை என் மாமியாரின் முழங்கால் எக்ஸ்ரே ஷீட்டை வெட்டி மூன்று ஓட்டை போட்டுக் கொண்டுபோய் ஒட்டினேன். ஷீட் மெல்லிசு, கண்ணாடி அதையும் மீறி விரலைத் தெரிந்துகொண்டு கத்தியது. அதைப் பிய்த்துவிட்டுத் தடித்த அட்டை வைத்தேன். அட்டை வேலை செய்தது. டீச்சர் சந்தோஷத்தில் உலை வைத்தார். சோறு பொங்கிக் கஞ்சி வழிந்து, பத்தே நிமிஷத்தில் அட்டை ஊறிப் பணியாரம் போல உப்பிவிட்டது. "பரவாயில்லண்ணே, சோறு வெந்துருச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் வீடு போகப் போகிறது, அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

தண்ணீர் படலாம், தடிமனாக இருக்க வேண்டும், விரல் உறுத்தக் கூடாது. அப்படி ஒரு சாமானைத் தேடி வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் சுற்றினேன். பேகம்பூர்ப் பக்கம் வந்தபோது என் செருப்பு வார் அறுந்தது. செருப்புக் கடை பக்ருதீன் பாய் எனக்குப் பழக்கம். அவர் வாரை மாட்டிக்கொண்டிருக்க, நான் அவருக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த ரப்பர் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை விரல் தடிமன். கத்தி வைத்தால் வெண்ணெயாக வெட்டுப்படும். தண்ணீர் ஒட்டாது.

"பாய், இது செருப்பு ரப்பர்தான?"

"நான் வெட்டுனா செருப்பு. நீங்க எதுக்கு வெட்டுறீங்களோ அது. என்னா செய்யணும்?"

"மூணு ஓட்டை போடணும்."

"அப்ப செருப்பேதான்" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படி எங்கே, செருப்பு எங்கே? எங்கள் வீட்டில் செருப்பு விட்ட காலைக் கழுவாமல் அடுப்படிக்குள் வந்தால் என் மனைவி கரண்டியைத் தூக்குவாள். டீச்சரிடம் எப்படிச் சொல்வது? விஷயத்தைச் சொன்னதும் பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். விரல் நுனி சுகமாக இறங்கும் அளவுக்கு இரும்புக் குழாயைத் தீட்டி, அவரே மூன்று ஓட்டையும் போட்டுக் கொடுத்தார். வெட்டின ஓரத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தும் விட்டார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

சனிக்கிழமை அதை ஒட்டினேன். "நல்ல கம்பெனி ரப்பர் டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். அவர் குனிந்து ஒரு மூச்சு இழுத்தார்.

"புதுச் செருப்பு வாசம் வருதே அண்ணே."

நடந்ததை ஒப்புக்கொண்டேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் குரலில் இருந்த சங்கடத்தைக் கேட்டிருப்பார் போல. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து வந்து, துணியில் நனைத்து ரப்பரைத் துடைத்தார். "எனக்காக இல்ல, உங்க மனசுக்காக. இப்ப அது அடுப்புச் சாமான்" என்றார்.

அன்று மாலை அவர் பழகிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். ரப்பர் மேல் உள்ளங்கையை வைத்து நிதானமாகத் தடவினார். அடுப்பு மூச்சுக் காட்டவில்லை. விரல் ஓட்டையில் இறங்கினால் மட்டும் ஒரு பீப். சூட்டுக்கு மொத்தம் எட்டு அளவு என்று நான் சொன்னேன். இப்போது எந்த அளவில் நிற்கிறது என்று தெரிய நம்பரைப் பார்க்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் குறைக்கும் ஓட்டையில் விரலை வைத்து இறக்கிக்கொண்டே போனார். ஒன்றுக்கு வந்தபின் தொட்டால் பீப் வரவில்லை. "ஆங், தரை வந்துருச்சு. இனி எண்ணி ஏறிக்கிறேன். வெஞ்சனத்துக்கு மூணு, குழம்புக்கு அஞ்சு, சோத்துக்கு ஆறு." அந்த அடுப்பைச் செய்தவனுக்கே இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருக்காது. அதை நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. டெஸ்டரை மறந்து வைத்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு போய் நின்றேன். "டெஸ்டர் உங்க பைக்குள்ளதான் லொடலொடங்குது. உக்காருங்க, சாப்புட்டுப் போகலாம்" என்றார் டீச்சர்.

பதினோரு மணிக்கு வாசலில் டாட்டா ஏஸ் வந்து நின்றது. அழகுராஜா நல்ல உயரம். தோளில் கயிற்றுச் சுருள். இரண்டு கையிலும் காலியான தக்காளிப் பெட்டிகள், பாத்திரம் அடுக்கிக் கொண்டுபோவதற்கு. ஆறு வருஷம் ஒட்டன்சத்திரத்தில் இருந்ததில் நாக்கும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

"ஏனுங்க, நீங்க யாருங்க?" என்று என்னைக் கேட்டார்.

"மெக்கானிக். அடுப்பு பாக்க வந்தேன்."

"இனி எதுக்குங்க அடுப்பு? இன்னைக்கே காலி பண்றோம்" என்றவர், அப்போதுதான் கோழிக்குழம்பு வாசனையைப் பிடித்தார். "அக்கா, யார் சமைச்சது?"

"பெட்டியை ஓரமா வை. உக்காரு" என்றார் டீச்சர்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. விசிறி நின்று, அடுப்பும் நின்றது. அழகுராஜா என்னைப் பார்த்து, இதுக்குத்தான் சொல்கிறேன் என்பது மாதிரி தலையை ஆட்டினார். ஐந்து நிமிஷத்தில் கரண்டு வந்ததும், "இரு, நான் போட்டு விடுறேன்" என்று எழுந்தார்.

"தம்பி, உக்காரு."

டீச்சர் அடுப்புக்கு முன்னால் நின்றார். உள்ளங்கையை ரப்பர் மேல் வைத்தார். ஆன். இறங்கி இறங்கித் தரைக்கு வந்தார். ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை ஏறினார். செத்த நேரத்தில் குழம்பு தளதளவென்று கொதித்தது. மூடியைத் தூக்காமலே, "இன்னும் தண்ணி வத்தணும்" என்றார். நான் தம்பியின் முகத்தையே பார்த்திருந்தேன். அவர் தோளில் கிடந்த கயிற்றைக் கழற்றிக் கீழே வைத்தார்.

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்வதைவிட, அழகுராஜா மூன்று தடவை சோறு வாங்கினார் என்று சொன்னால் போதும். அவரைக்காய் வெஞ்சனத்தைச் சட்டியோடு வழித்துவிட்டார். ஆனாலும் கை கழுவும்போது அதே பாட்டைத்தான் பாடினார். "இன்னைக்கு முடிஞ்சதுக்கா. தினமும் முடியுமா? ஒத்தையில எப்படி உன்னை விடுறது?"

"எனக்குக் காபி வேணும். பால் உள்ள இருக்கு, நீ போடு பாப்போம்" என்றார் டீச்சர்.

அழகுராஜா பாலை வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். படம் எல்லாம் ரப்பருக்கு அடியில். எழுத்து இல்லை, வெளிச்சம் இல்லை, மூன்று ஓட்டை மட்டும். ரப்பரை அங்கே குத்தினார், இங்கே குத்தினார். அடுப்பு அவரைச் சட்டை செய்யவில்லை.

"மெக்கானிக்கு, இதுல எதுங்க ஆன்?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"அக்கா, எங்கக்கா அமுக்கணும்?" சின்னப் பையன் மாதிரி கேட்டார்.

டீச்சர் பக்கத்தில் வந்து அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, ரப்பர் மேல் மெல்ல நடத்திக்கொண்டு போனார். "முதல்ல பூரா தடவிப் பாத்துக்க. அவசரப்படாத, அது ஒண்ணும் செய்யாது. ஆங், இங்க பள்ளம் வருதா? இதுதான் ஆன்." பீப் என்றது. பால் சூடேறத் தொடங்கியது. டீச்சர் கையை எடுத்த பிறகும் அழகுராஜா விரலை எடுக்கவில்லை.

"நான் குடுத்தப்ப இது வழவழன்னு கண்ணாடியாத்தானக்கா இருந்துச்சு?"

"ஆமா."

"பத்து நாளா இதைத் தடவிக்கிட்டு நின்னியாக்கா?"

"ஆமாடா."

அவர் கண்ணைத் துடைத்தார். "கடையிலேயே விலை கூடின அடுப்பைக் குடுங்கன்னு வாங்குனேன். அடுப்புன்னு நெனச்சுப் பூட்டை வாங்கிக் குடுத்திருக்கேன். திண்டுக்கல்லுல பொறந்துட்டு எனக்குப் பூட்டு தெரியாமப் போச்சே."

டீச்சர் அவர் முதுகில் ஒன்று போட்டார். "பால் பொங்குது, குறை. நடு ஓட்டை."

காபி நன்றாக இல்லை. சர்க்கரை போட மறந்துவிட்டார். மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம். அப்போதுதான் அழகுராஜா மூக்கைச் சுளித்து, அடுப்படியில் என்ன செருப்பு வாசம் என்று கேட்டார். நான் மெதுவாக என் பையை எடுத்துக்கொண்டேன். "மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு, குடி" என்றார் டீச்சர்.

தக்காளிப் பெட்டிகளை அழகுராஜா மறுபடி வண்டிக்கு எடுக்கும்போது டீச்சர் படிக்கட்டில் நின்று சொன்னார். "தம்பி, வந்த வண்டி சும்மா போக வேணாம். நேரா வீட்டுக்குப் போயி என் கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் ஏத்திட்டு வா. கரண்டு போனா எனக்கு அது வேணும். ரெண்டும் இருக்கட்டும்."

நெருப்பு என்று தம்பி ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துர்றேன்க்கா" என்றார். எனக்குக் கூச்சமே இல்லாமல் கண் கலங்கியது.

கீழே வண்டி உறுமிக் கிளம்பியது. டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, ஓடிப்போயி நிறுத்துங்க. பெல்ட்டு கீச்சுகீச்சுங்குது. அப்படியே போனா ஒட்டன்சத்திரம் போற வழியில நடுரோட்டுல நின்னுருவான்." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "இவனை எப்படிண்ணே ஒத்தையில விடுறது?"